கடத்தூர் சார்ஜருக்கு லீவு

எண்பதுகளின் கடைசியில் தருமபுரி தொலைபேசி நிலையத்தில் எனக்கு வேலை. சுற்றியுள்ள சின்ன நிலையங்களில் ஏதாவது கோளாறு என்றால் எங்கள் அறை பிரிண்டரில் ஒரு வரி அச்சாகி வரும். கோளாறுக்கு மட்டும் வந்தால் பரவாயில்லை. அங்கே யாராவது கதவைத் திறந்தால் ஒரு வரி, சூடு ஏறினால் ஒரு வரி. அதிலும் நல்லம்பள்ளி நிலையம் சரியான வாயாடி. மற்றவர்கள் அந்தக் காகிதத்தில் போண்டா மடித்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து படித்தேன். படித்துப் படித்து எரிச்சல்தான் மிச்சம்.

சம்பளப் பிரிவுக்கு வந்த கம்ப்யூட்டர் ஒன்று, அங்கே இடம் தயாராகாததால் எங்கள் அறையில் சும்மா கிடந்தது. பிரிண்டருக்குப் போகும் வயரை அதற்குத் திருப்பினேன். வரும் வரிகளைச் சலித்து, உருப்படியானது வந்தால் மட்டும் 'பீப்' என்று கத்தும்படி நானே ஒரு புரோகிராம் எழுதினேன். மூன்று வாரம் தூக்கம் கெட்டது. அது என் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

ஆயுத பூஜையன்று பொரித் தட்டோடு அதிகாரி வந்து நின்றார்.

"நாளன்னிக்கு இதைச் சம்பளப் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கம்மா. காலைல இருந்து ஒரு சத்தத்தையும் காணோம். வேலை செய்யுதா, தூங்குதா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீண் சத்தம் போடாமல் இருப்பதுதான் அதன் வேலை என்று இவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அவர் ஒரு பிடி பொரியை வாயில் போட்டார். கம்ப்யூட்டர் கத்தியது. கடத்தூரில் சார்ஜர் நின்றுவிட்டது, பேட்டரி இறங்குகிறது என்று திரையில் ஒரே வரி.

உடனே கடத்தூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"அது நிக்கலீங்க மேடம், நாந்தான் நிறுத்துனேன்" என்றார் அவர் நிதானமாக. "வருசம் பூரா ஓடுது, பாவம். இன்னிக்கு ஒரு நாளாச்சும் ரெஸ்ட் குடுக்கலாமுன்னு, தொடச்சு சந்தனப் பொட்டெல்லாம் வெச்சிருக்கறேனுங்க."

"பேட்டரி தீர்ந்தா ஊர்ல ஒரு போனும் பேசாதுங்க!"

"அட, ஆமாங்க!"

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு அவர் ஓடும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில், சார்ஜர் ஓடுகிறது என்று திரை சொன்னது.

மெக்கானிக் சொன்னதைச் சொல்லி நான் சிரித்த சிரிப்பில் அதிகாரியும் சிரித்துவிட்டார். பொரி அறையெங்கும் சிதறியது. மேசைக்கடியில் போண்டா மடிக்கக் கிடந்த பழைய காகிதக் குவியலை ஒருமுறை பார்த்தார். இந்த ஒரு வரி அதில் விழுந்திருந்தால் யார் கண்ணில் பட்டிருக்கும்? பொரித் தட்டிலிருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அவர் கையாலேயே பொட்டு வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசல் வரை போனவர் திரும்பினார்.

"பொட்டு வெச்சாச்சுன்னு நீயும் இதை நிறுத்திடாதம்மா. சம்பளப் பிரிவுகிட்ட நான் பேசிக்கறேன்."