துணியைப் பார்த்துக் கைது செய்தோம்

இன்று பிரவுசிங் சென்டரில் ஒரு துப்பறியும் கேம் விளையாடினேன். நாலு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் கேமில் வரும் கொலை வழக்கை முடித்தால்தான் ஆட்டம் சேவ் ஆகும்.

கேமில் வரும் ஊர் பிரமாதம். எந்தச் சந்திலும் நுழையலாம், எந்தக் கதவையும் தட்டலாம். ஆனால் தவறான ஆளைக் கைது செய்துவிட்டால் திருத்த வழியே இல்லை.

பக்கத்தில் என் நண்பன் தயாளன், தறி நெய்கிறவன். பிணத்தின் கழுத்தை இறுக்கியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கேமில் ஒரு தையற்காரர் வீட்டு ஜன்னல் திரைச்சீலையைக் கண்டதும் என் கையைப் பிடித்தான்.

"ரெண்டும் ஒரே துணிடா. பூவுக்குக் கீழ அதே எடத்துல இழை அறுந்துருக்குது பாரு. இவன்தான்."

"நிச்சயமா?"

"துணியில நான் தப்பு பண்ணுவனா?"

மணி மூன்று ஐம்பத்தைந்து. தையற்காரரைக் கைது செய்தேன். சேவ் ஆனது.

கேமில் தெருவுக்கு வந்தால் எதிர்வீட்டு ஜன்னலில் அதே துணி, அதே அறுந்த இழை. அடுத்த வீட்டிலும் அதேதான். கேம் செய்தவர்கள் ஒரே துணிப் படத்தை ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள்.

தயாளன் கேமில் நான் ஆடும் துப்பறிவாளனின் டையைக் காட்டினான்.

"நீயும் அதத்தான் கட்டிக்கினு இருக்கிற."

கரண்ட் போனது.

விளையாடியவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த கேமில் நானே போய்ச் சரணடைய வழி இருக்கிறதா?