துண்டுக்குள் இருக்கும் விலை

கழுத்தில் பேர் எழுதிய அட்டையை மாட்டிவிட்டு, கையில் காப்பியும் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. எங்கள் ஊர் எரியோட்டுப் பக்கம் ஒரு மாட்டின் கழுத்தில் புதுக்கயிறு ஏறினால் அதற்கு விலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நான் எட்டாவது தாண்டாதவன். நெதர்லாந்துக்குப் பாத்திரம் கழுவ வந்து, இன்றைக்கு இரண்டு சாப்பாட்டுக் கடைக்கு முதலாளி. ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், சும்மா கொடுப்பவனைச் சந்தேகப்படத் தெரிந்ததால்தான் இம்புட்டு வளர்ந்தேன்.

வந்த இடம் ஒரு யுனிவர்சிட்டி. விஞ்ஞானமும் புதுக் கருவிகளும் ஜனங்களின் பிழைப்பை எப்படி மாற்றுகின்றன என்று ஆராய்ச்சி மாணவர்களே கூடிப் பேசும் கான்ஃபரன்ஸ். செல்போன் வந்த பிறகு எங்கள் மாட்டுச் சந்தை என்ன ஆனது என்பது என் மகள் கயல்விழியின் ஆராய்ச்சி. பாதி வேலையை முன்பின் தெரியாதவர்களிடம் விரித்துக் காட்டி, குறை சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள் இந்தப் பிள்ளைகள். திருடிக்கொண்டு போகமாட்டானா எவனாவது?

எங்கள் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு தரகர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலுக்கு என்ன தொகை என்பது அவர்களுக்குள் ரகசியம். அது வெளியே போனால் தரகு போச்சு. என் மச்சான் பெருமாள் இன்றைக்கும் அதில்தான் சாப்பிடுகிறார். வாலிபத்தில் நானும் அங்கே துண்டு போட்டு நின்றவன்தான். அந்த விரல் கணக்கு எனக்கு அத்துப்படி. போன வருஷம் கயலை அவரிடம் அழைத்துப் போய், "நம்ம புள்ளதான் மச்சான், வெளிய போகாது, நான் பொறுப்பு" என்று கையில் அடித்துச் சொன்னவனும் நான்தான்.

இப்போது கயல் முன்னால் நின்று பேசுகிறாள். அவள் பின்னால் திரையில் மச்சானின் பச்சைத் துண்டு, சுவர் அளவுக்கு. என் பக்கத்து நாற்காலியில், அட்டையில் யான் என்று பேர் போட்ட பையன் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறான். "வாட் யூ வான்ட்?" என்று அவன் காதோரம் கேட்டேன். சிரித்துவிட்டு எழுந்து போய் எனக்கு இன்னொரு காப்பி கொண்டுவந்தான். லஞ்சம் என்று முடிவு செய்தேன். அடுத்த படம் விரலாகத்தான் இருக்கும். விறுவிறுவென்று போய் என் கோட்டை அந்தப் படம் காட்டும் மெஷின்மேல் போட்டேன். திரை இருண்டது.

கயல் பதறவில்லை. கிட்டே வந்து மெதுவாகச் சொன்னாள். "அப்பா, விரல் படமே இதுல இல்ல. மாமாட்டச் சத்தியம் பண்ணிருக்கேன். கோட்ட எடுங்க, கருகிரும்."

எடுத்தேன். ஆனால் நம்பவில்லை. வெளியே வந்து மச்சானுக்குப் போன் போட்டு, கயல் சத்தியம் பண்ணினாளா என்று கேட்டேன்.

"பண்ணுச்சு மாப்ள," என்றார். "அதுக்குப் பெறகுதான் புது விரல் கணக்கச் சொல்லிக்குடுத்தேன்."

"புது விரலா?"

"நீ அங்கிட்டுப் போன பெறகு எல்லாத்தையும் மாத்தியாச்சு. ஒனக்குத் தெரிஞ்சது பழசு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பெருமைக்கு ஊரு பூராம் பேசுவ. ஒம் மக வாயத் தொறக்காது."

"நானும் சந்தையில நின்னவன்தான மச்சான்."

"நின்ன. இப்ப இல்லைல. செத்த நேரம் இரு, ஒரு சோடி மாடு வந்திருக்கு."

போனை அப்படியே பைக்குள் போட்டுவிட்டார் போல. துணி உரசுகிற சத்தம், ஒரு கழுத்துமணி, பிறகு ஒன்றுமில்லை. விரலில் நடக்கிற பேரம் காதுக்கு எட்டுமா? கதவுக்கு அந்தப் பக்கம் என் மகளுக்குக் கை தட்டினார்கள். அவள் என்ன சொல்லி முடித்தாள் என்று தெரியாமல், மச்சான் என்ன விலைக்கு முடித்தார் என்றும் தெரியாமல், போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.