எப்போதிலிருந்து இப்படி

மூன்றாவது கேள்வியாகத்தான் லூசி அதைக் கேட்பாள். முதலில் பெயர், அடுத்து ஊர். பிறகு பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கூட வந்தவரைப் பார்த்து, "எப்பவுமே இப்படியா, இல்ல எப்பலேர்ந்து இப்படி?" என்பாள். பெரும்பாலோர் முதல் பாதிக்குத்தான் பதில் சொல்வார்கள். "அவன் சுபாவமே அப்படித்தாம்மா." லூசி பேனாவைத் தொடமாட்டாள். போன சாமை அறுப்பில் எப்படி இருந்தான், அதற்கு முந்தைய திருவிழாவில் எப்படி இருந்தான் என்று அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நடத்திக்கொண்டு போவாள். எங்கேயோ ஓரிடத்தில் அவர் பேச்சு தடைபடும். "அப்ப நல்லாத்தாம்மா இருந்தான்" என்பார். அதற்குப் பிறகுதான் எழுதத் தொடங்குவாள்.

வயது நாற்பத்தேழு. கள்ளக்குறிச்சியில் மனநலக் குழு ஒன்றில் ஆலோசகர். மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போகிறாள். வளைவுகளில் வாந்தி வரும் என்பதால் காலையில் எதுவும் சாப்பிடமாட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு டீ வாங்கி, ஆடை படியும்வரை வைத்திருந்து, ஆறிப்போனதைத்தான் குடிப்பாள். போனில் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மலைமேல் சுகாதார நிலையத்தில் நோயாளிகளைப் பார்க்கும் சின்ன அறைக்குள் நுழைந்ததும் குரல் பாதியாகிவிடும். யாரையாவது 'மெண்டல்' என்று சொன்னால் மட்டும் அது பழைய அளவுக்கு ஏறும். ஜீப் ஓட்டுகிற ராசு ஒருமுறை விளையாட்டாகச் சொல்லி, மலை இறங்கும்வரை வாங்கிக் கட்டிக்கொண்டான்.

நோயாளிகளின் தாளில் அவள் சொந்த வார்த்தை அதிகம் இருக்காது. 'துக்கம்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'நெஞ்சுல ஈரத்துணி போட்டாப்புல இருக்குது' என்று சொன்னவர் சொன்னபடியே எழுதி வைப்பாள். பூசாரிகளோடு சண்டைக்குப் போவதில்லை. "அவுரு பாக்குறத அவுரு பாக்கட்டும். மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க" என்பதோடு சரி. சுபாவம் என்பது பிறந்ததிலிருந்து கூடவே வருவது, நோய்க்கு வந்த நாள் என்று ஒன்று உண்டு என்பது அவள் எல்லாரிடமும் சொல்வது. அவ்வளவு எளிதில்லை என்று அவளுக்கே தெரியும். சுபாவத்துக்கு ஏற்றபடி நோய் வேஷம் கட்டிக்கொள்ளும். கோபக்காரனிடம் கோபமாகவே வரும், கலகலப்பானவளிடம் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இதையெல்லாம் அவள் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறாள்.

படித்தது முப்பது வயதுக்குமேல், அஞ்சல் வழியில். அதற்கு முன்பு மூங்கில்துறைப்பட்டில் பால்வாடி டீச்சர். அப்பா செபாஸ்தியான் சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடும் இடத்தில் வேலை பார்த்தார். தம்பி சின்னப்பனும் அங்கேயே அரவைக் காலத்துக் கூலியாகச் சேர்ந்தான். கரும்பு ஏற்றிவந்து வரிசையில் நிற்கும் வண்டி மாடுகளுக்கெல்லாம் பெயர் வைத்துக் கூப்பிடுவான். மறு வருஷம் அதே மாடு வந்தால் பெயரை மறக்காமல் சொல்வான். வண்டிக்காரர்கள் அவனைத் தேடிவந்து பேசிவிட்டுப் போவார்கள்.

தொண்ணூற்று ஐந்தாம் வருஷம், அவனுக்கு இருபத்திரண்டு வயது. அரவை நடந்துகொண்டிருக்கும்போதே வேலைக்குப் போவதை நிறுத்தினான். குளிப்பதை விட்டான். கேட்டால் வெகுநேரம் கழித்துப் பதில் வரும். சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வான். உடம்பு வளையாதவன் என்றார் அப்பா. அம்மா ஒன்பது நாள் செபம் சொன்னாள். லூசியும் ஒருநாள் பால்வாடியிலிருந்து வந்த களைப்பில், வேலைக்குப் பயந்து நோவு என்று பெயர் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாயா என்று கேட்டுவிட்டாள். அவன் எழுந்து உட்கார்ந்து, கொஞ்சநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தான்.

"இல்லக்கா. எனக்கே இன்னான்னு தெரியல."

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் சின்னப்பன் தன் உயிரை முடித்துக்கொண்டான். அவன் சுபாவமே அப்படி, எதையும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வான் என்று அடக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்பா சொன்னார். மாடுகளுக்குப் பெயர் வைத்தவனைப் பற்றித்தான் சொன்னார். லூசி மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு அவளும் அதைத்தான் நம்பினாள்.

எட்டு வருஷம் போனபின், தபாலில் வந்த பாடப்புத்தகத்தில் மனச்சோர்வின் அறிகுறிகள் வரிசையாகப் போட்டிருந்தன. பென்சிலால் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போனவள் ஏழாவதில் புத்தகத்தை மூடிவிட்டாள். இன்னொரு பாடத்தில், நாம் தவறினால் சூழ்நிலையைக் காரணம் காட்டுவோம், அடுத்தவர் தவறினால் அவர் குணத்தைக் காரணம் காட்டுவோம், மனித மனத்தின் பழக்கம் இது என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை அவள் பலமுறை படித்திருக்கிறாள். தம்பி ஏன் போனான் என்பது அந்தப் புத்தகங்களால் கொஞ்சம் விளங்கியது. தான் ஏன் அப்படிக் கேட்டோம் என்பதும் விளங்கியது. விளங்கியதால் எதுவும் லேசாகிவிடவில்லை.

சடையனை அவள் முதன்முதலில் பார்த்தது மலைமேல் சுகாதார நிலையத்து வாசலில். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினால் திறக்கும். அவன் அதற்கு முன்னால் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். சீட்டு வாங்கப் போயிருந்த மனைவி பாப்பாத்தி வந்துதான் திறந்துவிட்டாள்.

தோட்ட வேலை என்று சொல்லி ஒருவன் மலையிலிருந்து ஏழு பேரை லாரியில் ஏற்றிப் பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டுபோயிருந்தான். காட்டில் மரம் வெட்டிய வழக்கில் ஏழு பேரும் பிடிபட்டார்கள். சடையன் மூன்று வருஷம் உள்ளே இருந்தான். பாஷை தெரியாது. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிப் பார்த்தான். ஆட்டாமலும் இருந்து பார்த்தான். இரண்டுக்கும் ஒரே பலன்தான் கிடைத்தது. ஊருக்கு வந்தபிறகு யாராவது சொன்னால்தான் சாப்பிட்டான், சொன்னால்தான் தண்ணீர் குடித்தான். ஜெயிலில் உட்கார்ந்து தின்று ருசி கண்டுவிட்டான் என்று ஊர் பேசியது.

இதற்கும் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. எது செய்தும் தப்ப முடியாத இடத்தில் அடைபட்ட நாய்கள், பின்னால் தப்ப வழி கிடைத்தபோதும் அசையாமல் படுத்திருந்தனவாம். மனிதனை நாயோடு சேர்த்துப் பேசுவது பிடிக்காமல், லூசி நாயை விட்டுவிட்டு மீதியை மட்டும் பாப்பாத்தியிடம் சொன்னாள். "இது சோம்பேறித்தனம் இல்ல. எது செஞ்சாலும் ஒண்ணும் மாறாதுன்னு அந்த மனசு கத்துக்கினு வந்திருக்குது. கத்துக்கினத மெதுவா மறக்க வெக்கணும்." பாப்பாத்தி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே ஊரில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

குழுவின் டாக்டர் மாத்திரை கொடுத்தார். லூசி கொடுத்தது சின்னச்சின்னத் தேர்வுகள். களியா சோறா என்று அவனைக் கேட்கவேண்டும், அவன் சொன்னதைத்தான் செய்யவேண்டும். முதல் நாள் அந்தக் கேள்விக்கு அவன் அழுதுவிட்டானாம். இரண்டாம் மாதம் களி என்றான். நாலாம் மாதம் ஆட்டை எந்தப் பக்கம் ஓட்டுவது என்று அவனே சொன்னான். ஒவ்வொரு வியாழனும் பாப்பாத்தி இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வாள். மூன்று வருஷம் தனியாகச் சாமைக் காட்டைப் பார்த்துக்கொண்டவள், மாமியாரை அடக்கம் செய்தவள், கோர்ட்டுக்கு நாலுமுறை பஸ் ஏறியவள். உனக்கு ஒன்றும் கஷ்டமில்லையே என்று முதல் நாள் ஒரு பேச்சுக்குக் கேட்டபோது, "எனக்கின்னாக்கா, கல்லாட்டம் இருக்குறேன்" என்றாள். லூசி அதையும் தாளில் ஏற்றினாள். வழக்கத்துக்கு மாறாகத் தன் வார்த்தையில் ஏற்றினாள்: 'மனைவி திடமான சுபாவம். நல்ல துணை.'

எட்டாம் மாதம், கார்த்திகை மழை. மலைமேல் பத்து மணிக்கும் பனி விலகவில்லை. அறைக்கதவைத் தானே தள்ளிக்கொண்டு சடையன் உள்ளே வந்தான், தனியாக. லூசிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டாள். அவன் உட்காரவில்லை.

"அவ எந்திரிக்க மாட்டேங்குறாக்கா. ஒம்போது நாளாச்சி."

காய்ச்சலா என்று கேட்டாள். இல்லை என்றான். கொஞ்சம் நின்று, யாரும் கேட்காமல் அவனே சொன்னான்.

"அவ எப்பவும் இப்படி இல்லீங்க."

லூசி சடையனின் தாள்களை எடுத்துப் புரட்டினாள். பதினாறு வியாழக்கிழமைகள். பதினாறு தாளிலும் அவன் தூங்கினானா, அவன் சாப்பிட்டானா, அவன் பேசினானா என்றுதான் இருந்தது. போன மாதம் பாப்பாத்தி ரவிக்கையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "ராவுல கண்ணே மூட மாட்டேங்குது, அதான் விடியுமுன்ன களி கிண்டிப்புடுறேன்" என்று சிரித்தாள். லூசியும் கூடச் சேர்ந்து சிரித்திருந்தாள். அது எந்தத் தாளிலும் இல்லை.

மீதிப் பேரை இருக்கச் சொல்லிவிட்டு ஜீப்பை எடுக்கச் சொன்னாள். அரைமணி நேரம் ஜீப்பில், பிறகு சேற்றில் நடை. வீட்டுக்குள் பாப்பாத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் வைத்த களி தொடாமல் காய்ந்திருந்தது. லூசி கூப்பிட்டாள். திரும்பவில்லை. இந்த வேலையில் கேட்டுத்தான் ஆகவேண்டிய ஒன்றை, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"பாப்பாத்தி, செத்துப்பூடலாம்னு தோணுதா?"

வெகுநேரம் கழித்து, "தோணுது" என்றாள் பாப்பாத்தி, சுவரிடம். இன்னும் கொஞ்சம் கழித்து, "அவுரு வந்துட்டா எல்லாத்தையும் கீழ எறக்கி வெச்சிடலாம்னு இருந்தேங்க்கா. வெக்க முடியல" என்றாள்.

லூசி வெளியே வந்தாள். கத்தி, கயிறு, பூச்சிமருந்து எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று சடையனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான். எல்லாவற்றையும் அவள் படுத்த அன்றைக்கே தன் அண்ணன் பிச்சைமுத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டானாம். யாரும் சொல்லவில்லை, அவனாகத்தான் செய்தான். ஒன்பது நாளாக வாசற்படியிலேயே குறுக்கே படுத்துக்கொள்கிறானாம். லூசி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அங்கே போனில் சிக்னல் கிடையாது. இன்றைக்கே கீழே கூட்டிக்கொண்டு போகவேண்டும், டாக்டரிடம் சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்கைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வா என்று ராசுவை அனுப்பினாள். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

உள்ளே வந்து பாயோரம் உட்கார்ந்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. இது நோய், இதற்கு மருந்து இருக்கிறது, இதில் உன் குற்றம் எதுவும் இல்லை என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிறவள். எதையும் சொல்லவில்லை. பாப்பாத்தியின் தலைமுடி ஒன்பது நாளில் எண்ணெய் காணாமல், பாயின் கோரை ஒட்டி, பிடரியில் கயிறாகத் திரண்டு கிடந்தது. லூசி கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். முடியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, அடியிலிருந்து, வலிக்காமல், விரலாலேயே ஒவ்வொரு இழையாகச் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.