ஐந்நூறு காசும் ஓர் அட்டை மாத்திரையும்

2009 பிப்ரவரியில் லண்டனில், நோர்பரியில் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவின் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். கீழ் அறை எனக்கு. மேல் அறையில் ஜிம்பாப்வேயிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். ஸ்ட்ரெதமில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. காலையில் சமையலறைக் குழாயடியில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வோம். அவள் தேநீரில் நான்கு கரண்டி சர்க்கரை போடுவாள். ஊரில் சர்க்கரை கிடைக்காத நாட்களுக்கும் சேர்த்துக் குடிப்பதாகச் சொல்வாள்.

ஊர் என்றால் புலவாயோ. அங்கே அவளுடைய ஒன்பது வயது மகளை அவளுடைய தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தைக்கு வலிப்பு நோய். காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. விடாமல் போட்டால் எல்லாக் குழந்தைகளையும் போல ஓடி விளையாடுவாள், விட்டால் விழுவாள். புலவாயோவில் மருந்துக் கடைகள் திறந்துதான் இருந்தன, அலமாரிகள்தான் காலி. ஆகவே மாத்திரை ஜோகன்னஸ்பர்க்கில் வாங்கப்பட்டு எல்லை தாண்டிப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, ஒரு வேன் போகும். அந்த வேன்காரரின் அக்கா ஸ்ட்ரெதமில் இவள் போகிற சர்ச்சில் இருந்தார். புதன்கிழமைக்குள் அவரிடம் பவுண்டு கொடுத்தால் வேன்காரர் அங்கே மாத்திரை வாங்கி, திங்கட்கிழமை தங்கை கையில் சேர்ப்பார். கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு அவருக்குக் கூலி.

வங்கியில் அனுப்பக் கூடாதா என்று வந்த புதிதில் கேட்டேன். அவள் சிரித்தாள். வங்கி அதை உள்ளூர் நோட்டாக மாற்றிக் கொடுக்கும். அதை எடுக்க ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டும். எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்குள் அது பஸ் கூலிக்கும் காணாது. அங்கே யாரும் அந்த நோட்டை நம்புவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. அமெரிக்க டாலர், தென்னாப்பிரிக்க ராண்ட், பெட்ரோல் கூப்பன், சமையல் எண்ணெய், துணி சோப்பு, செல்பேசி ரீசார்ஜ் என்று கையில் எது இருக்கிறதோ அதுதான் பணம். ஒரு தடவை பள்ளிக்கூடச் சம்பளத்தை அவள் தங்கை ஒரு ஆட்டுக்கால் கொடுத்துக் கட்டியிருக்கிறாள். அரசாங்க நோட்டு செல்லாது என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

பாடம் எடுக்க ஓர் ஆள் வந்தான். என் கல்லூரித் தோழன். ஈஸ்ட் ஹாமில் மூன்று பேரோடு அறை எடுத்திருந்தான், ஒரு வங்கியில் மென்பொருள் வேலை. முந்தின இலையுதிர் காலத்தில் வங்கிகள் ஆட்டம் கண்டபோது அவனோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அட்டைப்பெட்டியில் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அதிலிருந்து அவனுக்கு எல்லா வங்கிகள் மீதும் கோபம், மாதச் சம்பளத்தை மட்டும் அந்தக் கோபத்திலிருந்து விலக்கி வைத்திருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவன், பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தான். ஜிம்பாப்வே நோட்டு. ஒன்றுக்குப் பின்னால் பதினாலு சைபர்.

மேல் அறைப் பெண் அதைத் திருப்பிப் பார்த்தாள். "எங்கே கிடைத்தது?"

"இன்டர்நெட்டில் வாங்கினேன். ஐந்து பவுண்டு."

"ஐந்து பவுண்டா?" அவள் என்னைப் பார்த்தாள். "முன்பே சொல்லியிருந்தால் மூட்டையாகக் கொண்டுவந்து தந்திருப்பேனே. உங்கள் நண்பர் படித்தவர் என்று சொன்னீர்கள்."

அவன் கொஞ்சமும் அசரவில்லை. லேப்டாப்பைத் திறந்து, போன மாதம்தான் வந்த ஒரு புது மென்பொருளைக் காட்டினான். இன்டர்நெட்டிலேயே பிறக்கிற பணம், பெயர் பிட்காயின். எந்த அரசாங்கமும் அச்சடிக்க முடியாது. இத்தனைதான் என்று கணக்கு எழுதியாயிற்று, ஒரு காசு கூட ஏறாது. லேப்டாப் இரவும் பகலும் ஓடினால் ஐம்பது ஐம்பதாகக் காசு விழும். அவனிடம் ஏற்கெனவே சில ஆயிரம் இருந்தன. பிறகு அவளுடைய குழந்தைக்குத் தாவினான். ஒரு மின்னஞ்சல் குழுவில் ஜோகன்னஸ்பர்க்காரர் ஒருவர் இதே மென்பொருளை ஓட்டுகிறாராம். காசை நேராக அவருக்கு அனுப்பலாம், அவர் மாத்திரை வாங்கி கூரியரில் போட்டுவிடுவார். வேன்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு அழ வேண்டாம். அவள் ஒரு பென்னி கூடப் போட வேண்டாம், காசு அவனுடையது.

அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பாமலே கேட்டார். "தம்பி, அந்தப் பக்கத்திலை ஆர் நிக்கிறது?"

"யாரும் நிக்க வேண்டாம்க்கா. அதான் விஷயமே. நடுவுல ஆளே தேவையில்ல."

"ஆள் இல்லாட்டி மருந்தை ஆர் வாங்கிறது? கொம்பியூட்டர் எழும்பி பார்மசிக்குப் போகுமோ?"

"அதான் ஜோகன்னஸ்பர்க்ல ஒருத்தர் இருக்காரே."

"அவரை உமக்குத் தெரியுமோ?"

"மெயில்ல தெரியும்."

"ஓம், ஓம்," என்றார் அக்கா. "மெயிலிலை தெரிஞ்ச ஆக்களைத்தானே முதல் நம்போணும். மீன் எத்தினை துண்டு வேணும், அதைச் சொல்லும்."

அவனும் நானும் பார்வை மாற்றிக்கொண்டோம். அக்கா பத்தாம் வகுப்போடு நின்றவர், நாங்கள் இருவரும் பொறியாளர்கள். அந்தப் பார்வையை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

அவன் போன பிறகு மேல் அறைப் பெண் என்னிடம் வந்தாள். தங்கை கையில் பதினைந்து நாளைக்கு மாத்திரை இருக்கிறது என்றாள். இந்த வெள்ளிக்கிழமை வேனை விட்டால் அடுத்த வேன் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும். "நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவர். இது நடக்குமா?"

உடனே பதில் சொல்வது என் பழக்கமில்லை. அந்த மென்பொருளோடு வந்த ஒன்பது பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஒரே காசை இரண்டு பேருக்குக் கொடுத்து ஏமாற்ற முடியுமா, காசைத் திறக்கும் சாவிக் கோப்பு தொலைந்தால் என்ன ஆகும், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டுமா, மின்சாரம் போனால் என்ன என்று நோட்டுப் புத்தகத்தில் பதினொரு கேள்வி எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே பதில் எழுதினேன். பதினொன்றும் இயந்திரத்தைப் பற்றிய கேள்விகள். அந்த ஜோகன்னஸ்பர்க்காரருக்கு இந்தக் காசை வாங்கிக்கொண்டு ஒரு கடைக்காரர் என்ன தருவார் என்ற கேள்வியை நான் எழுதவே இல்லை. "கணக்கு சரியாக இருக்கிறது. முயற்சி செய்யலாம்," என்று அவளிடம் சொன்னேன். புதன்கிழமை அவள் சர்ச் அம்மாவிடம் போகவில்லை.

வியாழன் வரை இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. அவர் இணைப்பில் இருக்கும்போது இவன் அலுவலகத்தில், இவன் வீட்டுக்கு வரும்போது அவர் பக்கம் மின்வெட்டு. வெள்ளிக்கிழமை வேன் கிளம்பிவிட்டது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போனில் கத்தினான்.

"போயிருச்சு! ஐந்நூறு காசு, இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்கு! எந்த பேங்க்கும் இல்லாம! கமிஷன் சைபர்!"

"மாத்திரை வாங்கிட்டாரா?"

"அவர் ரிப்ளை வரட்டும். நீ கொஞ்சம் சந்தோஷப்படேன், லூசு."

மதியம் பதில் வந்தது. அவன் அதை எனக்கு அனுப்பினான். காசு சரியாக வந்து சேர்ந்தது, அருமையான பரிசோதனை, வாழ்த்துகள் என்று எழுதியிருந்தார் அந்த மனிதர். அதற்குக் கீழே ஒரு வரி: மருந்து விஷயத்தை உதாரணத்துக்குச் சொல்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன், இதற்கு இங்கே யாரும் ஒரு ரொட்டி கூடத் தர மாட்டார்களே.

நான் அவனை அழைத்தேன்.

"சரி, மாத்திரை வரல. ஆனா சிஸ்டம் வேலை செஞ்சுதுல்ல?" என்றான்.

"போடா," என்று வைத்துவிட்டேன். அவனை அப்படிச் சொல்ல எனக்கு இருந்த உரிமை பாதிதான். மேல் அறைப் பெண்ணிடம் நடக்குமென்று சொன்னவள் நான்.

அவளிடம் சொல்ல மாடி ஏறினேன். அவள் வேலைச் சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், திட்டவில்லை. தங்கைக்குப் போன் செய்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு எனக்கு விளக்கினாள். வேன் இந்த முறை வராது என்று தெரிந்ததும் தங்கை இன்று முதல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கப் போகிறாளாம், இருப்பது கொஞ்சம் நீளுமே என்று.

"அது கூடாதே," என்றேன்.

"தெரியும். அவளுக்கும் தெரியும்."

கீழே அக்காவின் வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் அதை அவர் அணைப்பதே இல்லை. அவருடைய தங்கை குடும்பம் போர் நடந்துகொண்டிருந்த வன்னிக்குள் இருந்தது, உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. அந்த நிலையில் அவரிடம் போய் இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். சொன்னேன். என்னை ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் வாங்கோ," என்று நடந்தார்.

போன இடம் நோர்பரி கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மேசை. அந்தக் கடைக்காரர் உண்டியல் செய்கிறவர் என்பது தெருவுக்கே தெரியும். இங்கே அவரிடம் பவுண்டு கொடுத்தால், அவருடைய ஆள் அங்கே உங்கள் வீட்டு வாசலில் ரூபாய் கொடுப்பார். நடுவில் எதுவும் கடல் தாண்டாது, ஒரு தொலைபேசி அழைப்பைத் தவிர.

"அண்ணை, ஜோகன்னஸ்பர்க்கிலை உங்களுக்கு ஆக்கள் இருக்கினமோ?" என்றார் அக்கா.

"மனிசியின்ரை தம்பி நிக்கிறான். என்ன விசயம்?"

அக்கா சொன்னார். கடைக்காரர் மூன்று கேள்விதான் கேட்டார். "டொக்டர் எழுதின மருந்துத் துண்டு இருக்கோ? பிள்ளையின்ரை பேர், வயசு என்ன? அங்கை பஸ்ஸடிக்கு வந்து எடுக்கப் போறது ஆர்?" நான் மேல் அறைப் பெண்ணுக்கு மொழிபெயர்த்தேன். மூன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. அவர் போனை எடுத்து மைத்துனருடன் பேசினார். நாளை மருந்து, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு நடத்துனர் கையில். எவ்வளவு கூலி என்று அவள் கேட்கச் சொன்னாள்.

"பிள்ளையின்ரை மருந்துக்கு என்ன கூலி? மருந்துக் காசு மட்டும் தரச் சொல்லுங்கோ." பிறகு அக்காவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஆபிரிக்காவுக்குக் கூட ஆள் இருக்கு, தங்கச்சி. வன்னிக்குள்ளை அனுப்பத்தான் ஒருத்தரும் இல்லை. பெட்டி நிறையக் காசு வைச்சிருக்கிறன், எடுத்துக் குடுக்க அங்கை ஒரு மனிசர் இல்லை." அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த பஸ் எல்லையில் இரண்டு நாள் நின்றது. மருந்து கைக்கு வந்து சேரும்வரை எதையும் நம்ப முடியாது என்று தங்கை பாதி மாத்திரையையே தொடர்ந்தாள். வெள்ளிக்கிழமை, பாதி மாத்திரையில் ஏழாம் நாள், குழந்தை தண்ணீர் வரிசையில் நிற்கும்போது விழுந்தாள். குழாயடிச் சிமெண்டில் மோவாய் பட்டு இரண்டு தையல். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை போய்ச் சேர்ந்தது.

அந்தக் காசுக்கு இன்று என்ன விலை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன். என் தோழனிடம் அவை இன்னும் இருக்கின்றனவா என்று நான் கேட்டதில்லை. இருந்தால் அவன் பணக்காரன்; வாங்கின நோட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்துக்கொள்ளட்டும். ஆனால் விலைவாசி வெடித்த ஊரில் மாட்டிக்கொண்ட சாதாரண மனிதர்களுக்கு இது விடிவு என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சில சாமான்கள் நினைவுக்கு வருகின்றன: தடையில்லாத மின்சாரம், உபரியாக ஒரு லேப்டாப், சில வருடப் பொறுமை, அடுத்த வாரம் மாத்திரை வேண்டாத ஒரு குழந்தை. இவை உள்ளவர் ஏற்கெனவே பிழைத்துக்கொண்டவர். பிறகு வேறு நாடுகளில் இது சிலருக்கு உதவியதாகக் கேள்விப்படுகிறேன். இருக்கலாம், மறுக்கவில்லை. உதவிய இடத்தில் விசாரித்துப் பாருங்கள், அதை வாங்கிக்கொண்டு டாலரோ அரிசியோ எடுத்துக் கொடுக்கிற ஒரு மனிதர் தெருமுனையில் நிற்பார். அவர் இல்லாத ஊரில் அது வெறும் எண். புலவாயோக்காரர்களிடம் வெறும் எண்கள் ஏற்கெனவே நிறைய இருந்தன, அச்சடித்தே கொடுத்திருந்தார்கள்.

அந்த ஞாயிறு மதியம் மேல் அறைப் பெண் சமையலறையில் போனை ஒலிபெருக்கியில் போட்டாள். தங்கை அட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. முழு மாத்திரை. குழந்தை தண்ணீர் குடித்தாள், கசக்கிறது என்றாள், பிறகு தையல் கதையை ஆரம்பித்தாள். வகுப்பில் வேறு யாருக்கும் தையல் இல்லையாம். அம்மா சிரித்துக்கொண்டே சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

போனை வைத்த பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் ஐந்தாவது முறை.

"அடுத்த மாத்திரைக்கு அந்தக் கடைக்காரரிடம் போக வேண்டும்," என்றாள். "உங்கள் மொழியில் பேச நீங்கள் வருவீர்களா?"

வருவதாகச் சொன்னேன்.

"பேச மட்டும் வாருங்கள்," என்றாள். "யோசனை எதுவும் கொண்டுவர வேண்டாம்."