இருபது கதவுக்கு ஒரு குழாய்

கொடைக்கானல் பஸ்கள் டீ குடிக்க நிற்கும் எங்கள் மலையூரை நவீனமாக்கியவர் யார் என்று கேட்டால், எல்லோரும் அந்தச் சேர்மனைத்தான் சொல்வார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் பதவிக்கு வந்தபோது தெருவிளக்குகள் ஒன்பது, எரிந்தவை நான்கு. அவர் போகும்போது நாற்பத்தொன்று. சாக்கடைக்கு மூடி, பஸ் நிற்கும் இடத்தில் கொட்டகை, எல்லாம் அவர் போட்டதுதான். மறுக்கவில்லை. ஆனால் பேரூராட்சி எழுத்தராக அவர் பின்னால் மழையில் நடந்து, எண்ணி, எழுதி, அடித்து, மறுபடி எழுதியவன் நான். அதை யாரும் சொல்வதில்லை.

தண்ணீர்க் குழாய் போடும்போது ஒரு விதி வைத்தார்: இருபது கதவுக்கு ஒரு குழாய். வீடு என்று சொல்லியிருக்கலாம், குடும்பம் என்று சொல்லியிருக்கலாம். கதவு என்றார்.

சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் மேட்டில் வரிசையாக அறைகள் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இருபது குடும்பம். பன்னிரண்டு பேரால்தான் கதவு வாங்க முடிந்தது. மற்ற எட்டு வாசலிலும் சாக்குப் படுதா. நான் பன்னிரண்டு என்று எழுதினேன். இருபது தேறவில்லை என்று சேர்மன் அந்த வரிசையையே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்.

அங்கிருந்து வயதான ஒரு பெண் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"ஐயா, மருமகளுக்கு எட்டு மாசம். ஓடைக்கு எறங்கி ஏறுறா. ஒருக்கா வழுக்கி விழுந்துட்டா. இன்னொரு தடவ எண்ணிப் பாருங்களேன்."

ஓடைக்கு இறங்கும் படிகள் இருநூற்றுப் பன்னிரண்டு. எனக்குத் தெரியும். சேர்மனிடம் சொன்னேன்.

"சரி, திங்கக்கிழமை நானே வாரேன்," என்றார்.

திங்கள் காலை போய்ப் பார்த்தால் எட்டு வாசலிலும் கதவு! இரண்டிரண்டு பலகைகளைச் சணல் கயிற்றால் சேர்த்துக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைப் பெயிண்டில் ஓர் எண். மளிகைக் கடை பாய் இரவில் கடையை அடைக்கச் செருகும் பலகைகள் அவை. வரிசை மாறினால் பொருந்தாது என்பதற்காக எண் போட்டு வைத்திருந்தார். இங்கே ஏழுக்குப் பக்கத்தில் பன்னிரண்டைக் கட்டியிருந்தார்கள். எனக்கு முதல் எரிச்சலே அதுதான்.

சேர்மன் ஒரு கதவைத் தட்டினார். அது சாய்ந்து அவர் காலில் விழுந்தது.

"ஏய்யா, இது பாய் கடைப் பலகையில்ல?"

"ஆமாங்க தொரை," என்றாள் அந்தப் பெண். "கடை அடைக்கிறதுக்குள்ள திருப்பிக் குடுக்கணும். கெதியா எண்ணுங்க."

"யாரு தொரை? நான் சேர்மன்!" காலைத் தேய்த்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுய்யா, எத்தன?"

மருமகள் இடுப்பில் கை வைத்தபடி வாசலில் நின்றிருந்தாள். பதினேழு வருட உத்தியோகத்தில் கண்ணால் பார்த்ததற்கு மாறாக ஓர் எண்ணை நான் எழுதியதில்லை.

"இருபதுங்க தலைவரே."

"எழுது."

கையெழுத்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஜீப்பில் ஏறினார். பதினோராம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. மருமகள் வாசலிலிருந்து ஒன்பதே தப்படி நடந்து குழாயடியில் குடத்தை வைத்தாள்.

இனியாவது விதியை மாற்றுவார் என்று நினைத்தேன். மறு வாரமே, மேலத் தெருவில் கதவு எண்ணிவிட்டு வா என்றார்.

"தலைவரே, குடும்பத்த எண்ணிரட்டுங்களா?"

"என்னத்தையாச்சும் எண்ணுய்யா. இருபது வந்தாச் சரி."

அதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.