முதல் அளவு

அந்த மைதானத்தில் இருந்தது ஒரே கேமரா. அதை இயக்க ஆள் கிடையாது. கம்பத்தில் பொருத்திவிட்டால் பந்து போகும் பக்கம் தானாகத் திரும்பும். எஸ்டோனியாவில் இரண்டாம் நிலைக் கால்பந்து லீக் ஆட்டங்களுக்கு அதற்கு மேல் செலவு செய்ய மாட்டார்கள். என் கணவர் அங்கே தடுப்பாட்டக்காரர். பந்து எதிரணிப் பக்கம் இருக்கும்வரை திரையில் வரமாட்டார். கல்யாணமான சில மாதங்களில் ஒப்பந்தம் கிடைத்துப் போனவரை, சரவணம்பட்டி வீட்டில் அத்தையும் மாமாவும் நானும் இப்படித்தான் பார்த்தோம். வருவார், தலையால் முட்டுவார், காணாமல் போவார்.

சீசன் தொடங்கும் முன் ஒரு நாள் வீடியோ காலில் அவர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். கிளப்பில் ஒவ்வொருவரையும் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து ஒரு டெஸ்ட் எடுத்தார்களாம். சில சொற்களைக் காட்டி மறைப்பார்கள், நினைவிலிருந்து சொல்ல வேண்டும். நிறம் மாறியதும் பட்டனை அழுத்த வேண்டும். பின்னாளில் தலையில் அடிபட்டால் அதே டெஸ்டை மறுபடி எடுத்து, முதல் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். குறைந்திருந்தால் ஆடவிட மாட்டார்கள்.

"எங்க டீம் பசங்க எல்லாம் வேணும்னே தப்பா அழுத்திப்போட்டோம். நானுந்தான்" என்றார். "இனி எவ்வளவு அடிபட்டாலும் பாஸுதான்."

"படிக்கறப்ப நெசமாவே தப்பா எழுதுனவன்தான் அம்மணி இவன்" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

"அப்பா, மருமக முன்னால மானத்த வாங்காதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்புசெட் மோட்டார்களின் கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதிப்பது என் வேலை. பலகை புதிதாக இருக்கும்போது எடுக்கும் அளவுதான் எங்களுக்கு ஆதாரம். அது பொய்யானால், பிறகு பழுதான பலகையும் நல்ல பலகையாகத்தான் தெரியும். இதை அன்று இரவே அவரிடம் சொன்னேன். "நான் என்ன மோட்டாரா அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

சீசன் முடிய நான்கு ஆட்டங்கள் இருக்கும்போது அது நடந்தது. எதிரணியின் கார்னர் கிக். கூட்டமாக எல்லோரும் எம்பினார்கள். அவர் தலையும் இன்னொருவர் தலையும் மோதியதைப் பார்த்தேன். அதற்குள் பந்து தெறித்து மறுபக்கம் போக, கேமராவும் அதன் பின்னால் திரும்பிவிட்டது.

"ஏனம்மணி, அடிபட்டாப்பல இருந்துச்சே?" என்றார் அத்தை.

"பந்து வெளையாட்டுன்னா முட்டாமயா இருக்கும்" என்றார் மாமா.

பந்து திரும்பி வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். அத்தைக்கு அது போதும், சமையலறைக்குப் போய்விட்டார். நான் டிவிக்கு அருகில் போய் நின்றேன். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோல்கீப்பர் ஏதோ கத்தியது கேட்ட மாதிரியே தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. அவர் மட்டும் பழைய பக்கத்துக்கே நடந்தார். கூட ஆடுகிறவன் ஒருவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டான்.

"வெயிலே இல்லாத ஊரு. தெசை தெரியலயாட்ட" என்று மாமா சிரித்தார்.

மறுநாள் பேசும்போது அவர் அறை இருட்டாக இருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றார். கிளப்பில் பரிசோதித்தார்களா என்று கேட்டேன்.

"அடிபட்டாப் பாக்கற பிசியோ அம்மா டெஸ்ட் போட்டுப் பாத்துச்சு. மொதல்ல எடுத்ததவிட இப்ப மார்க்கு கூடவாம். சனிக்கிழமை ஆடலாம்னு சொல்லிப்போட்டாங்க."

"நேத்து என்னங்க ஸ்கோரு?"

கொஞ்சம் யோசித்தார். "தோத்துட்டோம்ல."

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்திருந்தார்கள்.

நான் அதைச் சொன்னதும் அவர் போனை முகத்தருகே கொண்டுவந்தார். பிறகு மெதுவாக, "கண்ணு, நாலே மேட்சு. இதுல உக்காந்துட்டா அடுத்த வருஷம் கூப்புட மாட்டாங்க. மறுபடி அங்க வந்து காலேஜ் டோர்னமெண்ட்டா ஆடறது? யார்கிட்டயும் சொல்லிப்போடாத" என்றார்.

அது ஆறும் முன் இன்னொரு தடவை தலையில் அடிபட்டால் என்னவாகும் என்று அன்று நான் படித்தவற்றை இங்கே எழுத விருப்பமில்லை. அவற்றில் வந்த ஆட்டக்காரர்கள் சிலர் அவரைவிட வயதில் சிறியவர்கள்.

மாமாவுக்குப் பக்கத்து ஊரான கணபதியில் லேத் பட்டறை. அலுவலகத்திலிருந்து நேராக அங்கே போனேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாலு மேட்சு முடியட்டும் அம்மணி. வந்ததும் நம்மூர் டாக்டர்கிட்டயே காட்டிக்கலாம்."

"மோட்டாரு எரிஞ்சா புதுசா காயில் கட்டிக்கலாங்க மாமா. இது தலைங்க."

கையிலிருந்த எண்ணெய்த் துணியால் ஏற்கெனவே துடைத்த அளவுகோலை மறுபடி துடைத்தார். "உனக்கு எது சரின்னு படுதோ செய்யி. எங்கிட்டக் கேட்டயின்னு மட்டும் அவங்கிட்டச் சொல்லாத."

ஒப்பந்தம் போடும்போது ஆங்கிலத்தில் பேசியது நான்தான் என்பதால் அந்த பிசியோவின் எண் என்னிடம் இருந்தது. முதல் டெஸ்ட் பொய், ஸ்கோர் நினைவில்லை, வெளிச்சம் கூசுகிறது என்று வரிசையாக எழுதி அனுப்பினேன். மறுநாள் அவள் கம்ப்யூட்டர் இல்லாமல் அவரைச் சோதித்தாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். அக்டோபருக்கு மேல் போக முடியவில்லையாம். அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க ஏற்பாடானது.

அணியிலிருந்து எடுத்த அன்றே சாயங்காலம் அவர் அழைத்தார்.

"கிளப்ல யாரோ போட்டுக்கொடுத்திருக்காங்க. நீயா?"

"ஆமாங்க, நான்தான்."

"எங்கப்பனே வாயத் தொறக்கல. உனக்கு என்ன வந்துச்சு? நாலு மேட்சு. நாலே மேட்சு."

"ஸ்கேன் பாத்துட்டு வாங்க. அப்பறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க."

போனை வைத்துவிட்டார். இதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என்ன சொன்னான் என்று அத்தை கேட்டார். கோபமாக இருக்கிறார் என்றேன். கோபப்படும் அளவுக்குத் தெளிவாக இருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். தட்டில் சோறு போடுவதற்குள் போன் மறுபடி அடித்தது. அவர்தான். குரலில் கோபமே இல்லை.

"ஏங்கண்ணு, சாப்புட்டயா? உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். கிளப்ல யாரோ போட்டுக்கொடுத்திருக்காங்க. நீயா?"

முதலில் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ரூம்ல கூட யாருங்க இருக்காங்க?"

"யாருமில்ல. நீயான்னு கேட்டேன்."

"ஆமாங்க, நான்தான். மொதல்ல போயி கதவோட தாழ்ப்பாள எடுத்துவிடுங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க. போன மட்டும் வெக்காதீங்க."

அவர் நடப்பது கேட்டது. எதிலோ மோதிக்கொண்டார். அத்தையின் போனை எடுத்து பிசியோவின் எண்ணை அழுத்தினேன். அவள் உடனே எடுத்தாள். ஆம்புலன்ஸை அனுப்பிவிட்டுத் தானும் கிளம்புவதாகச் சொன்னாள். அவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அத்தை என் முகத்தைப் பார்த்தார். சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"தெறந்துட்டீங்களா?"

"என்னத்த?"

"கதவ."

"ம்" என்றார். திறந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, "எங்கப்பனே வாயத் தொறக்கல. உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஆரம்பித்தார். முதல்முறை சொன்னதைப் போலவே சொன்னார். நானும் முதல்முறை சொன்ன பதிலையே சொன்னேன். திட்டட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும். அவர் நிறுத்தும்போதெல்லாம் நானே நாலு மேட்சைப் பற்றிக் கேட்டேன்.