தேங்காயெண்ணெய் போட்ட துப்பாக்கி

மேஜரின் கைத்துப்பாக்கியைக் கெடுத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் சில மாதம் கிடந்து, குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்கு மேலே ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் ஒட்டிக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோட்டத்தின் சொந்தக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். ஊரே அவரை மேஜர் என்றது. அப்பா மட்டும் சிலோன் பழக்கம் விடாமல் தொரை என்றார். அப்பாவுக்குப் பங்களாவில் எடுபிடி வேலை.

அந்த வேலையில் அப்பா பெருமையாக நினைத்தது, சனிக்கிழமைதோறும் துப்பாக்கியைத் துடைப்பதைத்தான். மேஜர் குண்டுகளை எடுத்துப் பூட்டிவிட்டு வெறும் துப்பாக்கியைக் கொடுப்பார். அப்பா பின்வாசலில் செய்தித்தாளை விரித்து அதைப் பாகம் பாகமாகக் கழற்றி வைப்பார். ஒரு குண்டு வெடித்ததும் மேல்மூடி தானாகப் பின்னால் ஓடி, வெற்றுக் கூட்டைத் துப்பிவிட்டு, அடுத்த குண்டைக் கவ்விக்கொண்டு திரும்பும் என்று எனக்குக் கையை ஓட்டிக் காட்டுவார். போர்முனையில் மேஜர் அதை ஒருமுறை ஆற்றுச் சேற்றில் தவறவிட்டாராம். எடுத்து உதறிச் சுட்டால், எதுவும் நடக்காதது போல வெடித்ததாம்.

“பாகமெல்லாம் கொஞ்சம் லூசாத்தான் செஞ்சிருக்கான் வெள்ளக்காரன். அதனாலதான் மண்ணு போனாலும் சிக்காது. தொரைய ஒரு நாளும் ஏமாத்தினதில்ல” என்பார் அப்பா, தானே செய்தது போல.

அந்த மார்கழிச் சனிக்கிழமை, பாகங்களைப் பரப்பி வைத்த நேரத்தில் சமையல்காரர் விறகு தூக்க அப்பாவைக் கூப்பிட்டார். நான் துப்பாக்கி எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. ஒத்தாசை செய்கிற ஆசையில் வீட்டுக்கு ஓடி, அடுப்போரம் உருகியிருந்த தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து எல்லா ஓட்டையிலும் தாராளமாக விட்டேன். திரும்பி வந்த அப்பாவுக்கு, அன்று சளி பிடித்து மூக்கு அடைத்திருந்ததால், தேங்காயெண்ணெய் வாசம் தெரியவில்லை. பளபளப்பைப் பார்த்து, “டப்பாவில இருந்திச்சா?” என்றார். தலையாட்டினேன்.

மறுநாள் காலை எங்கள் மாடத்தில் எண்ணெய்ப் புட்டி வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. இந்த மலைக்கு வந்ததிலிருந்து தினமும் பார்க்கிற காட்சிதான். அன்று மட்டும் புட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். துப்பாக்கிக்குள்ளேயும் இப்படித்தானே உறைந்திருக்கும்?

அந்த வாரம் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்தில் இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது. மேஜர் துப்பாக்கியை நீட்டுவதும், அது வெடிக்காமல் போவதும், சிறுத்தை அவர்மேல் பாய்வதும் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. அப்பாவின் வேலை போய்விடும். வேலை போனால் லயத்து அறை போய்விடும். பிறகு முகாமுக்குத்தான் திரும்ப வேண்டும். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பக்கத்தில் போய் நிற்பேன். எதையாவது எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். நான் சாப்பிடாததைப் பார்த்த அம்மா, வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தாள்.

வியாழக்கிழமை மேஜர் தன் நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். ஐப்பசியில் அவருடைய மனைவி இறந்ததிலிருந்து அவர் யார் வீட்டுக்கும் போனதில்லை.

“ரெண்டு நாளைக்கு இது உங்க ஊட்ல இருக்கட்டும்ப்பா. சமையக்காரருக்கும் லீவு குடுத்துட்டேன். நாளைக்கு நீயும் வர வேண்டாம்” என்றார்.

வெளியூர் போகிறார் போலிருக்கிறது என்று அப்பா நினைத்தார். துப்பாக்கிக்கு வேலையில்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை புல்லெல்லாம் உறைபனி. கதவைத் திறந்ததும் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடியது. நான் பின்னால் ஓடினேன். பங்களாவுக்குப் பின்னால், தேயிலை தொடங்கும் இடத்தில் இருந்த கல் இருக்கையில் மேஜர் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் துப்பாக்கி. அதன் மேல்மூடி பாதியில் சிக்கி நின்றது. நாய் அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் துப்பாக்கியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“அம்முணி, இதுக்கு எண்ணெய் போட்டது ஆரு?”

“நாந்தாங்கய்யா. அப்பாவுக்குத் தெரியாதுங்க. சிறுத்த உங்கள ஒண்ணும் பண்ணலீங்களே? அப்பாவ வேலைய விட்டு நிறுத்திராதீங்க ஐயா.”

“சிறுத்தையா?” என்றார் மேஜர். சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். பெரியவர்கள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பயந்துபோய் அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா வந்தார். தலைப்பாகையை அவிழ்க்கவில்லை, அனுமதி கேட்கவில்லை. மேஜரின் கையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குண்டுகளைக் கழற்றித் தன் மடியில் கட்டிக்கொண்டார். பிறகு மேஜரின் பக்கத்தில், அதே இருக்கையில் உட்கார்ந்தார். “வீட்டுக்குப் போ” என்றார் என்னிடம்.

அன்று மதியம் இருவரும் குன்னூர் போய்த் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார்கள். அப்பா வேட்டியும் போர்வையும் எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். சாப்பாடு தூக்குப் போசியில் போனது. ஏன் என்று கேட்டால் அம்மா என்னைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவாள். அந்தக் காலையில் மேஜர் யாரைச் சுடப் போனார் என்பதை, எனக்குத் திருமணமான பிறகுதான் சொன்னாள்.

ஆனால் அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: என் தப்புக்கு அப்பாவைப் பிடித்து வைத்துவிட்டார்கள். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் தூக்குப் போசியோடு நேரே மேஜர் முன்னால் போய் நின்றேன்.

“எண்ணெய் போட்டது நாந்தானுங்கய்யா. என்னைய அடிச்சுக்குங்க. அப்பாவ வீட்டுக்கு விட்டுருங்க” என்று அழுதேன்.

அடுத்த அறையில் அப்பா விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மேஜர் என் கையிலிருந்து தூக்குப் போசியை வாங்கிக் கீழே வைத்தார்.

“நானா உங்கப்பன புடிச்சு வெச்சிருக்கேன், அம்முணி?” என்றார் மெதுவாக. “அவந்தான் என்னையப் புடிச்சு வெச்சிருக்கான்.”

பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.